ஒன்றும் நடக்கவில்லை என்று அறிவித்தேன்

நல்ல குரல் இருப்பதாக ஒருவனிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. எனக்கு அதைச் சொன்னவர் விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு மைக் செட் கட்ட வந்தவர். காணாமல் போன ஒரு குழந்தையின் அடையாளங்களை நான் அறிவித்ததைக் கேட்டு, "தம்பிக்கு ரேடியோக் குரல்" என்றார். (குழந்தை அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அது வேறு விஷயம்.)

அந்தக் குரலுக்கு வேலை வந்தது 1963இல். சிவகாசிக்கும் நாரணாபுரத்துக்கும் நடுவில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பட்டாசுக் கம்பெனியில் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார மாட்டார்கள். சின்னச் சின்ன அறைகள், தள்ளித் தள்ளி இருக்கும். ஒன்றில் நாலு பேருக்கு மேல் கிடையாது. போர்மேனைக் கூப்பிட ஒருவர் வெயிலில் நடந்து போய்ச் சேருவதற்குள் போர்மேன் வேறு அறைக்குப் போயிருப்பார். தீபாவளி சீசனில் இந்தக் கண்ணாமூச்சி கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி ஒரு மைக் செட் வாங்கினார். வெடிமருந்துப் பக்கம் ஒயர் போகக் கூடாது. ஆகவே ஆபீஸ் ஜன்னலை ஒட்டிய வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, பேட்டரியோடு பெட்டியை என் மேஜைமேல் வைத்தார்கள். ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடும்படி முதலாளி என்னிடம் சொன்னார். நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்கும் முதல் வார்த்தை ஒரு வரவேற்புரையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

யாரை வரவேற்க? எனக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரியை. மாதம் ஆனி. (எங்கள் வீட்டில் சிலர் ஆடி என்கிறார்கள். ஆடியில் யார் மாப்பிள்ளை பார்க்க வருவார்கள்?) அவருடைய மகள் சொர்ணத்தை ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்து எனக்குக் கூட்டல் கணக்கே ஒழுங்காக வரவில்லை. அவருக்கோ பட்டாசு என்றாலே பயம். நான் ஆபீசில் உட்காருகிறவன், எங்கள் கம்பெனியில் ஒருநாளும் ஒன்றும் நடந்ததில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பதில் வந்தது.

அவருடைய குதிரை வண்டி கேட்டில் நின்றது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். குழாய்க்கு அவ்வளவு பக்கத்தில் மைக்கை வைத்தால் என்ன ஆகும் என்று, என் குரலைப் புகழ்ந்த அந்த மைக் செட்காரர் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. குழாய் ஊளையிட்டது. அப்படி ஓர் ஊளையை அந்தக் கரிசல் காட்டு நரியும் கேட்டிருக்காது.

கம்பெனியில் சேரும் அன்றே எல்லாருக்கும் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. பழகாத சத்தம் கேட்டால் காரணம் கேட்காதே, கையில் இருப்பதை வைத்துவிட்டு ஓடு, திரும்பிப் பார்க்காதே. அத்தனை அறைகளும் ஒரே மூச்சில் காலியாயின. மொத்தக் கூட்டமும் கேட்டை நோக்கி வந்தது. வண்டியிலிருந்து ஒரு காலை மட்டும் இறக்கியிருந்த வத்தல் வியாபாரி, மறுகாலையும் இறக்கி, வேட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடினார்.

எப்படியாவது நிறுத்த வேண்டுமே. மைக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு, "யாரும் பயப்பட வேண்டாம். ஒன்றும் நடக்கவில்லை" என்று நிதானமாக அறிவித்தேன். எங்கள் பக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும். விபத்து நடந்த வீட்டுக்கு முதலில் வருகிறவர் சொல்வது அது. வேகம் குறைந்திருந்தவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார்கள் என்று அடுத்து ஒரு யோசனை. "நாரணாபுரம் மாடசாமி... தாயில்பட்டி சீனியம்மாள்..." ஊரும் பேருமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, உருக்கமாகவே வாசித்தேன். குழாய் நாரணாபுரத்தைப் பார்த்து இருந்தது. இப்படி ஒரு குரல் இப்படிப் பேர் வாசித்தால் அது எந்தக் கணக்கு என்று ஊரார் புரிந்துகொண்டார்கள். அங்கிருந்தும் ஒரு கூட்டம் அழுதுகொண்டு ஓடி வந்தது.

மாடசாமியின் மனைவி மார்பில் அடித்துக்கொண்டு மாடசாமியைத் தாண்டியே ஓடினார். மாடசாமி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலிருந்து கேட்டார்.

"ஏ, நில்லு. யாருக்கு அழுவுற?"

"ஒங்களுக்குத்தான்" என்று திரும்பியவர், அழுகையை நிறுத்தாமலே அவர் முதுகில் இரண்டு வைத்தார்.

நான் அதற்குள் பதினோராவது பேரில் இருந்தேன். முதலாளி உள்ளே வந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். "ஏலே, இம்புட்டுப் பேரைக் கொன்னது போதும்லே. எந்திரி."

வத்தல் வியாபாரி ஓர் உடைமரத்தடியில் உட்கார்ந்து காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். குடித்தார்.

"ஒருநாளும் ஒண்ணும் நடந்ததில்லேன்னு சொல்லிவிட்டீக, தம்பி."

"இன்னைக்கும் ஒண்ணும் நடக்கலை, மாமா."

"அதான் ஊருக்கே கேட்டுச்சே."

செம்பைத் திருப்பித் தந்துவிட்டு வண்டியேறினார். சொர்ணத்தை மனத்திலிருந்து கழித்துவிட்டு நானும் கணக்குக்குத் திரும்பினேன். மைக் செட் பாதி விலைக்கு ஒரு கோயிலுக்குப் போயிற்று.

அடுத்த வாரம் சம்மதம் வந்தது. தரகரிடம் அவர் சொன்னாராம்: "அம்புட்டுப் பேரும் ஓடயில அந்தப் பய ஒருத்தன்தான் இருந்த எடத்தைவிட்டு அசையலை. வெவரம் பத்தாது. ஆனா, எம் பிள்ளைய விட்டுட்டு எங்கயும் போக மாட்டான்." (அன்று மைக் ஒயர் என் காலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. மாமனார் இருந்தவரை இதைச் சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.) அவர் போட்ட ஒரே நிபந்தனை, கல்யாணத்துக்கு மைக் செட் கூடாது.

இன்றும் எங்கள் வீட்டில் ஏதாவது உடைந்த சத்தம் கேட்டு, நான் உள்ளேயிருந்து "ஒன்றும் நடக்கவில்லை" என்று குரல் கொடுத்தால், சொர்ணம் எழுந்து செருப்பைத் தேடுவாள். பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தெருவுக்கு ஓடுவார்கள். நான் மட்டும் வழக்கம்போல் இருந்த இடத்திலேயே இருப்பேன்.