ஏற்பாடு அண்ணனின் ஆறு கட்டில்கள்

உலகத்தில் இதுவரை முடிசூடிய மன்னர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் எங்கள் ஏற்பாடு அண்ணனின் சுண்டுவிரலை மட்டும் வைத்தால், மன்னர்கள் எல்லோரும் காலை உதறிக்கொண்டு அந்தரத்தில் தொங்குவார்கள். சந்தேகமா? அவரிடமே கேளுங்கள். அவர்தான் சொன்னார்.

ஏற்பாட்டுத் தலைவர் என்பது ஒரு தனி இனம். ஊருக்கு ஒன்று கட்டாயம் உண்டு. கஞ்சி போட்ட சட்டை, பையில் மையில்லாத நான்கு பேனா, நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே ஆடத் தொடங்கும் தலை. இவைதான் அடையாளம். குழாயில் தண்ணீர் வரவில்லையா? “பண்ணிரலாம்.” பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறதா? “பண்ணிரலாம்.” மழைக்காலம் முடிந்ததும் ஒழுகல் தானாக நிற்கும். அதுவும் அவர் சாதனைதான்.

எங்கள் அண்ணன் ஆதியில் டிராக்டர் ஓட்டியவர். கூட்டங்களுக்கு நாற்காலி ஏற்றிப்போய் இறக்குவார். காலையில் ஒரு கட்சியைத் தாங்கிய நாற்காலியே மாலையில் எதிர்க்கட்சியையும் தாங்குவதை ஒருவரும் கவனிப்பதில்லை என்று ஒருநாள் கண்டுகொண்டார். அந்த ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு ஊராட்சி உறுப்பினரானார், தலைவரானார், வீட்டுக்கு மாடி எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ஆறு, மாணவியர் விடுதிக்கு ஆறு, ஆதரவற்ற முதியோர் இல்லத்துக்கு ஆறு என்று பதினெட்டு இரும்புக் கட்டில் வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டார். ஊருக்கு வந்தவை ஆறு. மீதிப் பன்னிரண்டும் செங்கல்லாக உருமாறி அந்த மாடியில் ஏறிக்கொண்டன.

ஆய்வுக்கு அதிகாரி வந்தால் என்ன செய்வார்? அங்கேதான் மூளை! அதிகாரி ஆஸ்பத்திரியைப் பார்த்து முடித்ததும் டீ, பிஸ்கட், பிறகு பள்ளிப் பிள்ளைகளின் ஏழு சரணம் வரவேற்புப் பாட்டு. ஏழாவது சரணம் முடிவதற்குள் டிராக்டர் குறுக்குப் பாதையில் விடுதிக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் வெள்ளை விரிப்பு, விடுதியில் நீலம், முதியோர் இல்லத்தில் பூப்போட்டது. மற்றபடி அதே கட்டில், அதே கிறீச். ஆய்வு இல்லாத நாட்களில் பிள்ளைகளும் முதியோரும் தரையில் படுத்தார்கள். அதைப் பாடச் சரணம் இல்லை.

இப்படியே இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும். கட்சி மேலிடம் அவரைச் சட்டசபைத் தேர்தலில் நிறுத்தலாமா என்று யோசித்தது. இந்த முறை ஆய்வறிக்கை சுத்தமாக இருந்தால் சீட்டு உறுதி. ஆய்வுக்கு முதல் நாள் பார்த்து அவருடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை வரை மாவுக்கட்டுடன் ஆஸ்பத்திரியின் ஆறாவது கட்டிலில் வந்து படுத்துவிட்டார். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா.

அதிகாரி வந்தார். “எப்படிம்மா இருக்கீங்க?” என்றார். “ஏதோ கெடக்கேன் தம்பி” என்றார் அக்கா. அதிகாரி டீ குடிக்கப் போனார். மற்ற ஐந்து நோயாளிகளும் யாரும் சொல்லாமலே, பழக்கதோஷத்தில், இறங்கிப் பாயில் உட்கார்ந்துகொண்டார்கள்.

“அக்கா, கொஞ்சம் எறங்கிக்கோ. ஒரு மணி நேரந்தான்.”

“எறங்கி?”

“கீழ பாய் விரிச்சிருக்கேன்.”

“அஞ்சு வயசு வரைக்கும் தெனமும் படுக்கைய நனைச்சியேடா, ஒருநாளாவது உன்னத் தரையில போட்டிருப்பேனா?”

சுற்றி நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். தூரத்தில் மூன்றாவது சரணம் தொடங்கிவிட்டது. பெரிய பெரிய அதிகாரிகளைப் பேசியே கவிழ்த்த அண்ணன், விரித்த பாயைத் தானே சுருட்டினார்.

“கட்டிலோட தூக்குங்கடா!”

தூக்கினார்கள். டிராக்டரில், ஐந்து காலிக் கட்டில்களுக்கு நடுவில், அக்கா மகாராணி போல ஊர்வலம் போனார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு திட்டு. எல்லாப் பள்ளமும் தம்பி போட்ட சாலையில் இருந்ததால் திட்டுக்குப் பஞ்சமில்லை.

விடுதியில் நீல விரிப்பு. மாவுக்கட்டின் மேல் போர்வை. அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “இவங்க விடுதி வார்டன் சார், தலைவலின்னு படுத்திருக்காங்க” என்றார் அண்ணன். அதிகாரி தலையாட்டினார்.

முதியோர் இல்லத்தில் பூ விரிப்பு. கடைசிக் கட்டில் வரைக்கும் வந்த அதிகாரியின் கையை அக்கா எட்டிப் பிடித்துக்கொண்டார். வலியில் முகம் வெளுத்திருந்தது.

“தம்பி, காலைல ஆஸ்பத்திரில பாத்தீங்கல்ல? அப்புறமா மாத்திரை தர்றேன்னு சொன்னாங்க. அந்த ஆஸ்பத்திரி எங்க போச்சு?”

அதிகாரி விரிப்பைப் பார்த்தார். போர்வை நழுவிய மாவுக்கட்டைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

“யாரு இவங்க?”

எவ்வளவு சுலபமான கேள்வி! அது ஆதரவற்றோர் இல்லம். ‘யாருமில்லாதவங்க சார், புத்தி கொஞ்சம் சரியில்ல’ என்று ஒரு வரி போதும். சீட்டு, கார், மாடிக்கு மேல் மாடி எல்லாம் அந்த ஒரு வரிக்குப் பின்னால் வரிசையில் நின்றன. அந்த வரி அவர் தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க அக்கா சார்” என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். பதவி போயிற்று. வழக்கு வந்தது. மாடிக்குச் சீல் வைத்தார்கள். ‘அண்ணன் வாழ்க’ என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் எதிரே வந்தால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார்கள்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? பெண் பார்க்க வந்தவர்கள் போனதும் உங்கள் கூடத்து சோபா எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனது என்று நான் கேட்டேனா?

நானும் சிரிக்கத்தான் போனேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தேன். அண்ணன் அக்காவுக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அது அவருடைய பழைய தேர்தல் அட்டை. கும்பிட்டபடி அவரே அதில் சிரித்தார். ஏதாவது குத்தலாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “விசிறுறேன், குடுங்க” என்றுதான் வந்தது.

அட்டையைக் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்த அறிவியல் செய்முறை நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“எழுத்து முத்து முத்தா இருக்கே. நீ எழுதினதா?”

“ஆமாண்ணே.”

அட்டையில் என் பெயர் எழுதி ஒட்டியிருந்த சீட்டின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினார். அடியில் போன வருடத்து மாணவன் பெயர். அதற்கும் அடியில் இன்னொரு பெயர்.

“ஓரத்துல பசை பத்தல தம்பி” என்றார்.