தாசில்தார் பிரித்த சாக்ஸ்

"மறுபடியும் பிரிச்சுப் போட்டுட்டுங்க!"

கிருஷ்ணவேணி போட்ட சத்தத்தில், முற்றத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்த கோழிகள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தன. அவள் கையில் ஒரு கம்பளிச் சாக்ஸ். நேற்றுச் சாயங்காலம் பெருவிரல் வரைக்கும் வந்திருந்தது. இப்போது குதிகாலுக்கு மேலேயே நின்றுவிட்டது. மிச்ச நூல் அடுப்படி முழுக்க இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடந்தது.

"பூனையாத்தான் இருக்கும்" என்றார் நந்தகோபால், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"பின்ன என்ன, நீங்களா பிரிச்சிருப்பிய?"

நந்தகோபால் வானிலை அறிக்கையை இரண்டாம் முறை படித்தார்.

பிரித்தது அவர்தான்.

டெல்லியில் வேலை பார்க்கிற மகன் யோகராஜ், அப்பாவும் அம்மாவும் நிரந்தரமாகத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். அவர்களுடைய கரிசல் காட்டை, அந்தப் பருத்தி நிலத்தை, வாங்கிக்கொள்ள ஊர்க்காரர் சோலைமுத்து தயாராக இருந்தார். தீபாவளிக்கு வந்த மருமகள் பிரேமா, மாமியாருக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்து, ஊசியும் கம்பளி நூலும் கொடுத்துவிட்டுப் போனாள்.

"அங்க குளிரு எலும்பைக் கடிக்கும் அத்தை. மாமா காலுக்கு சாக்ஸ் முடிச்சதும் ஒரு போன் போடுங்க. அன்னைக்கே டிக்கெட் எடுத்திருதோம்."

சாக்ஸ் கடையில் கிடைக்காதா என்று கேட்கலாம். நந்தகோபாலின் பாதம் கடைக்கு அடங்குகிற பாதம் இல்லை. அறுபது வருஷம் கரிசல் சகதியை மிதித்து மிதித்து முறம் மாதிரி விரிந்துபோனது. கோவில்பட்டிக் கடைக்காரர் இருந்த சாக்ஸை எல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க பேசாம தலையணை உறை ரெண்டு வாங்கிக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

கிருஷ்ணவேணிக்கு வேகமான கை. பேரனுக்குத் தொப்பி, தனக்கொரு மப்ளர், ரேடியோவுக்கு உறை, ஊறுகாய் ஜாடிக்கு ஒரு சட்டை என்று, அடைமழை பிடித்த ஒரே வாரத்தில் பின்னித் தள்ளினாள். அந்த வாரம் அவள் முன்னால் அசையாமல் இருந்த எதுவும் கம்பளி மாட்டாமல் தப்பவில்லை. நந்தகோபாலின் காலுக்கு மட்டும்தான் சாக்ஸ் அமையவில்லை.

முதல் தடவை பிரித்தது உண்மையிலேயே பூனைதான். அதற்குப் பெயர் தாசில்தார். தேடுகிற நேரத்தில் இருக்காது, சாப்பாட்டு நேரத்தில் தானாக வரும் என்பதால் நந்தகோபால் வைத்த பெயர். அன்று கிருஷ்ணவேணி விளக்குமாற்றால் ஒரு போடு போட, தாசில்தார் சுவரேறி மறைந்தது. தரையில் கிடந்த நூலைப் பார்த்த நந்தகோபாலுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. சாக்ஸ் முடியாவிட்டால் டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லாவிட்டால் காடு கைவிட்டுப் போகாது.

'எனக்குப் போக மனசில்லை' என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் பேரன் பேரைக் கேட்டாலே அவள் முகம் மலர்ந்துவிடுகிறது. அந்த ஆசையை ஒரு புருஷன் எப்படிக் கெடுப்பது? பூனை கெடுக்கலாம். பூனைக்கு யார் மேலும் தாட்சண்யம் கிடையாது.

"இனிமே உறியில வைக்கப் போறேன்" என்றாள் கிருஷ்ணவேணி. "எப்படி ஏறுதுன்னு பாப்போம். குழாயில தண்ணி வந்துட்டு, நான் போய்ட்டு வர நேரமாகும். முக்காலி அங்கனயே கெடக்கட்டும்."

அவள் தெருமுனை தாண்டியதும் நந்தகோபால் முக்காலியில் ஏறினார். சாக்ஸோடு மோர்ப்பானையும் சேர்ந்து வந்து தலையில் இறங்கியது. நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்ஸைப் பிரித்துப்போட்டு, கொல்லைச் சகதியில் விரல்களைத் தோய்த்து, சுவர் நெடுக உறி வரைக்கும் பூனைத் தடம் பதித்தார். வேலையில் ஒரு நேர்த்தி இருந்தது.

கிருஷ்ணவேணி தண்ணீர்க் குடத்தோடு நின்று சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, ஏறுன தடம் இருக்கு. எறங்குன தடத்தைக் காணமே?"

"குதிச்சிருக்கும்."

"ஆமா. குதிச்சுத்தான் இருக்கும்" என்று தலையாட்டினாள். "உங்க காதுல என்ன, மோரு?"

"அது குதிச்சப்ப தெறிச்சது."

மறுநாள் சாக்ஸ் தகரப் பெட்டிக்குள் போனது. பூட்டும் போட்டாள். "சாவியை ஆணியில மாட்டியிருக்கேன். பூனை எடுத்திராமப் பாத்துக்கிடுங்க."

நந்தகோபால் பார்த்துக்கொண்டார். திறந்தார், பிரித்தார். ஆனால் பதற்றத்தில் ஒரு பிழை செய்தார். பழக்கதோஷத்தில் பெட்டியைத் திரும்பவும் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்.

சாயங்காலம் கிருஷ்ணவேணி பெட்டியைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறந்து பிரிச்சிட்டு, பொறவு பூட்டிட்டும் போயிருக்கு."

"பொறுப்புள்ள பூனை" என்றார் நந்தகோபால்.

செய்தி டீக்கடைக்குப் போனது. பூட்டைத் திறக்கும் பூனையைப் பார்க்க அடுத்த ஊரிலிருந்து சைக்கிளில் ஆட்கள் வந்தார்கள். உள்ளூர்க்காரர் கொம்பையா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சி, எங்க வீட்டு பீரோ சாவி தொலைஞ்சு வருசமாவுது. ஒரு நாளைக்குத் தாசில்தாரை அனுப்பி வையுங்க."

"இப்ப வெளிய போயிருக்கு" என்று சமாளித்தார் நந்தகோபால். உண்மையும் அதுதான். விளக்குமாற்று அடிக்குப் பயந்து எங்கேயோ அலைகிறது, கண்ணிலேயே படவில்லை.

விஷயம் எஸ்.டி.டி. பூத் வழியாக டெல்லிக்கும் எட்டியது. யோகராஜ் போனில் கத்தினான்.

"யப்பா, ஒரு பூனையச் சமாளிக்க முடியலையா? புடிச்சு எங்கயாவது கொண்டுபோய் விடுங்க. சாக்ஸ் முடிஞ்சதும் நானே வாரேன். காட்டை எழுதிக் குடுத்துட்டு கையோட கூட்டிட்டு வந்திருதேன்."

நந்தகோபால் வீட்டுக்குப் போகாமல் காட்டுக்குப் போனார். மழை விட்டு வெறித்திருந்தது. பருத்தி பிஞ்சு பிடித்திருந்தது. வரப்பிலிருந்து இறங்கியதும் கரிசல் சகதி காலைக் கவ்வி, கணுக்காலுக்கு மேலே ஏறியது. குனிந்து பார்த்தார். இரண்டு காலுக்கும் கறுப்பு சாக்ஸ். அளவு கச்சிதமாக இருந்தது. பூனை போய்விட்டால் பழி போட ஆளில்லை. சாக்ஸ் முடிந்துவிடும். அதற்கும் மேலே, ஒரு பாவமும் அறியாத ஜீவனைத் தன் பொய்க்காக ஊர் கடத்த வேண்டும். சகதி காயும் வரை அங்கேயே நின்றார்.

வீட்டுக்கு வந்து, மகன் சொன்னதைச் சொல்லி, பூனையைப் பிடிக்கச் சாக்கை எடுத்தார்.

"பூனை பாவங்க" என்றாள் கிருஷ்ணவேணி. "இருந்துட்டுப் போவட்டுமே."

"மவன் சொல்லிட்டாம்லா. அவன் பேச்சைத் தட்டவா சொல்லுத?"

"அப்பம் கோயில் பக்கம் தேடுங்க. முத்துசெல்வி வீட்டுப் பக்கம் மட்டும் போவாதீய. அங்கன தெருநாய் ஒண்ணு வந்து கெடக்கு."

ஊரெல்லாம் தேடினார். கடைசியில் பக்கத்து வீட்டு முத்துசெல்வியின் கொல்லையில் பூனைச் சத்தம் கேட்டது. படலைத் திறந்துகொண்டு போனார். நாய் எதுவும் இல்லை. விறகு அடுக்குக்குள் ஒரு பழைய மப்ளர். அதன் மேல் தாசில்தார் ஒருக்களித்துப் படுத்திருந்தது. வயிற்றோடு ஒட்டி நாலு குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன.

கிருஷ்ணவேணி தனக்கென்று பின்னிய மப்ளர் அது.

"ஏட்டி முத்துசெல்வி, இது எம்புட்டு நாளா இங்கன கெடக்கு?"

வாளியைக் கீழே வைத்துவிட்டு முத்துசெல்வி சொன்னாள்:

"விளக்குமாத்தால அடி வாங்குன அன்னைக்கே வந்து குட்டி போட்டுட்டு, அன்னையிலிருந்து இந்தக் கொல்லையத் தாண்டலையே மாமா! அத்தைதான் தெனமும் வந்து பால் ஊத்துதாவ, 'மாமாட்ட மட்டும் மூச்சு விட்றாதட்டி, தெரிஞ்சா பிரிக்கத நிப்பாட்டிருவாவ, அப்புறம் இந்தப் பாழாப்போன சாக்ஸ் முடிஞ்சு தொலைச்சிரும்'னு."