குடையா கம்பெனியா என்று தோட்டச் சங்கத்தில் ஓட்டெடுத்த விவரம்

டான்காஸ்டர்,
வெள்ளிக்கிழமை காலை

அன்புத் தங்கை மாரீனுக்கு அண்ணன் டெரிக் பிக்கர்ஸ்கில் எழுதுவது.

இங்கே நானும் மகள் லின்சியும் சுகம். பிரிட்லிங்டனில் நீயும் கடற்காற்றும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, மாடி வீட்டுக்காரர் டிரம்ஸ் வாசிப்பதை விட்டாரா என்பதையெல்லாம் விவரமாக எழுது. நீ அனுப்பிய இஞ்சி கேக் வந்தது. வந்த அன்றே போயும் விட்டது.

நிற்க. ரயில் சிக்னல் வரைபடம் போடும் வேலையிலிருந்து லின்சியை ஆட்குறைப்பில் அனுப்பியதும், அவள் பெட்டி படுக்கையோடு என் வீட்டுக்கே வந்துவிட்டதும் உனக்குத் தெரியும். போன மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவன் அவளை வேலைக்குக் கூப்பிட்டு எழுதியிருந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் கிடந்ததை நானாகப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த நிலையில் திங்கட்கிழமை காலை ஏஜென்சிப் பெண் போன் செய்து, யார்க்கில் ஆறு மாத ஒப்பந்த வேலை இருக்கிறது, அடுத்த வாரமே சேரலாம், ஆனால் சொந்த லிமிடெட் கம்பெனியாக வருகிறாயா, அம்ப்ரெல்லாவா, அதாவது சம்பளம் போட்டுத் தரும் ஒரு குடைக் கம்பெனியின் ஆளாக வருகிறாயா, வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டேன். லின்சி எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மீதியைப் பேசினாள். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். பாதி விஷயம் தெரிந்தால் எனக்குப் போதும் என்று அப்போது நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடும் எங்கள் தோட்டக்காரர் சங்கத்தின் கூட்டம். நத்தைகளை என்ன செய்வது என்பதுதான் அன்றைய விஷயம். நத்தை முடிந்து டீ வந்ததும் நான் எழுந்து, என் மகள் லிமிடெட் கம்பெனி வைப்பதா, குடைக்குள் போவதா என்று சபையில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பிளம்பர் சிரில் கப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“கம்பெனிதான் டெரிக்கு. அவளே டைரக்டர். பில்லு அவ போடுவா, சம்பளம் கொஞ்சமா எடுத்துக்கிட்டு மீதிய லாபமா எடுப்பா. குடைங்கறது என்ன? கண்ணுல பாக்காத ஒருத்தன்கிட்ட கூலிக்குச் சேர்றது. முதலாளி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய இன்சூரன்ஸையும் உன் காசுலேருந்துதான் எடுப்பான். அதுக்கு வாராவாரம் அவனுக்குக் கூலி வேற.”

கிரேன் ஓட்டும் டங்கன் உட்கார்ந்தபடியே சொன்னான்: “இவரு டைரக்டர் ஆகி என்னத்தக் கண்டாரு கேளுங்க. இவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை என்ன நிறம்னு இவர் சம்சாரத்துக்கே மறந்துபோச்சு, மேல பூரா ரசீது. நான் குடைக்காரன். வரியெல்லாம் அவனே புடிச்சுக்குவான், வெள்ளிக்கிழமை காசு வந்துரும், லீவுக்குச் சம்பளம் உண்டு. படுத்தா தூங்கறேன்.”

“தூங்குவ. கிரேன் மேலயும் தூங்குவ.”

“உங்க குழாய் மாதிரி என் கிரேன் ஒழுகாது சிரிலு.”

இப்படியே பேச்சு வளர்ந்து, சிரிலின் தள்ளுவண்டியை டங்கன் இரண்டு வருஷமாகத் திருப்பித் தரவில்லை என்பதுவரை போய், கடைசியில் தலைவியம்மா ஓட்டெடுப்பு வைத்தார். ஒன்பதுக்கு ஒன்பது. ஒருத்தர் நத்தைக்குத்தான் ஓட்டு என்று நினைத்துக் கைதூக்கியதாகப் பிறகு சொன்னார், ஆனால் எந்தப் பக்கம் தூக்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. இப்போது தோட்டத்தில் கம்பெனிக்காரர்கள் குழாய்க்குக் கிழக்கே நின்று டீ குடிக்கிறார்கள், குடைக்காரர்கள் மேற்கே. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் டீ வாங்கிக் குடித்து நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

ஆனால் மாரீன், என் மனசு கம்பெனிப் பக்கம்தான் இருந்தது. வரிக்காக இல்லை. சொந்தக் கம்பெனி ஒன்று இங்கே இருந்தால் பெண் அதை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போக மாட்டாள் இல்லையா? நாய் வளர்க்கிறவர்கள் வெளியூர் போகாததுபோல. ஆகவே புதன்கிழமை நூலகத்துக்குப் போய், அங்கே கம்ப்யூட்டர் சொல்லித்தரும் அம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, லின்சிக்குத் தெரியாமல் நானே ஒரு லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்துவிட்டேன். பிக்கர்ஸ்கில் என்று வெறும் பேராக வைக்கப் பார்த்தால் யாரோ எடுத்துவிட்டார்கள். பிக்கர்ஸ்கில் அண்ட் சன்ஸும் போய்விட்டது. ஆகவே பிக்கர்ஸ்கில் அண்ட் டாட்டர். என்ன தொழில் என்று கேட்டது. பெரிய பட்டியல். சிக்னலைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போய், கைக்குத் தெரிந்த காய்கறிப் பயிரை அழுத்திவிட்டேன். பிறகு மாற்றலாம் என்றார் அந்த அம்மாள். அவர் அப்போது கையைக் கன்னத்தில் வைத்திருந்தார்.

டைரக்டராக என் பேரைப் போட்டேன். தனி ஆள் டைரக்டராக இருந்தால் கூட்டத்தில் யாரோடு பேசுவது என்று உன் பேரையும் போட்டேன். கோபப்படாதே. உன்னைக் கேட்டுத்தான் போட்டேன். நூலக வாசலில் நின்று போன் செய்து, “உன் பேரை ஒரு நல்ல காரியத்துக்குப் போடட்டுமா?” என்றேன். “போடு போடு, டிவில கேக் போட்டி முடியப் போகுது, யாரு ஜெயிச்சான்னு பாக்கணும்” என்றாய்.

நேற்று சான்றிதழ் வந்தது. அதை லின்சியின் தட்டுக்குப் பக்கத்தில், மீன் வறுவலுக்கும் பட்டாணிக்கும் நடுவே வைத்தேன். எடுத்துப் படித்தாள். மறுபடி படித்தாள்.

“அப்பா, நம்ம காய்கறி பயிர் பண்றோமா?”

“அத மாத்திக்கலாம்மா.”

“நான் திங்கக்கிழமையே குடைன்னு சொல்லிட்டேன்ப்பா. அவங்க ஆபீஸ்ல, அவங்க சொல்ற நேரத்துல, அவங்க மேனேஜருக்குக் கீழ உக்காந்து வேலை. வரி ஆபீஸ் கணக்குல நான் அவங்க ஆளு மாதிரிதான். கம்பெனி வெச்சாலும் அதே வரிதான் கட்டணும், கூடவே அக்கவுண்டண்ட்டுக்குத் தண்டம் அழணும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீ ஆஸ்திரேலியான்னு சொல்லிடுவியோன்னு...”

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “அந்த ஆளுக்கு நான் பதில்கூடப் போடலப்பா. அங்க சிலந்தி தட்டு சைஸ்ல இருக்கும்” என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர். நானும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் எழுந்திருக்கத் தெரியவில்லை. மீன் ஆறிப்போய்விட்டது, அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. நான் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கே தெரியாது, மாரீன்.

ஆகவே குடைதான் என்று முடிவாகிவிட்டது, கம்பெனியை மூடுகிறோம். இதோடு வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு உடனே தபாலில் சேர்த்துவிடு. நம் குடும்பத்தில் இனி யாரும் கம்பெனி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று லின்சியும் நானும் கைகொடுத்துக்கொண்டோம். மாடி வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல், டிரம்ஸ் ஓய்ந்திருந்தால் மட்டும். உன் இடுப்பும் மனசும் லேசாக இருக்க ஆண்டவர் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அண்ணன்,
டெரிக்

பின்குறிப்பு: கையெழுத்துப் போடாதே. உறையை ஒட்டப் போகும்போது ஏஜென்சிப் பெண் கூப்பிட்டாள். யார்க்கில் உட்கார நாற்காலி இல்லையாம். இத்தனை வரைபடத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, வீட்டிலிருந்தே எப்போது வேண்டுமானாலும் செய்து தந்தால் போதுமாம், ஆனால் கம்பெனியாக இருந்தால்தான் கொடுப்பார்களாம். லின்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு, “அப்பா, அந்தக் காய்கறிக் கம்பெனி இன்னும் உசிரோட இருக்கா?” என்றாள். இருக்கிறது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அரை மணியில் அவளே எல்லாவற்றையும் திருத்திவிட்டாள். இனி டைரக்டர்கள் இரண்டு பேர்: அவளும் நீயும். “அத்தை போதும்ப்பா, அவங்க எதுக்கும் ஆமாம்னு சொல்றவங்க” என்று என்னை நீக்கிவிட்டாள். முதல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில். டீ போட என்னையும் கூட்டிவருகிறாளாம்.