லாரிக்குள் கிடந்த ஓமம்

எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை என் பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்ளவே நாற்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பான்காரனிடம் அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் பிறந்தே இருக்க மாட்டார்கள்.

யுத்த காலத்தில் மலாயாவில், சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஜப்பான்காரத் துரை வந்திருந்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. மெக்கானிக்குகளுக்கு மட்டும் விலக்கு என்று தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணியார் சொன்னதும் நான்தான் முதலில் கை தூக்கினேன். (ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியும். அதுவும் பாதிதான்.) தோட்டத்தின் ஒரே டீசல் லாரி என் தலையில் விழுந்தது.

டீசல் கிடைக்காத காலம். செம்பனை எண்ணெயைச் சூடாக்கி ஊற்றித்தான் ஓட்டினோம். புகையெல்லாம் பலகார வாசனை. பசியோடு இருந்த ஜனங்கள் லாரி போனால் எச்சில் விழுங்குவார்கள்.

நன்றாக ஓடிய லாரி, தீபாவளி முடிந்த வாரம் மக்கர் செய்தது. நின்ற இடத்தில் ஒழுங்காக உறுமும். மேடு வந்தால் குலுங்கும், திணறும், இழுக்காது.

கிராணியார் வந்தார். "தம்பி, வெள்ளிக்கிழமை துரை பாக்க வர்றாரு. மேடு ஏறலேன்னா உன் பேரைச் சயாம் லிஸ்ட்டுல எழுதச் சொல்லிட்டாரு. என்னால ஒண்ணும் செய்ய முடியாது லா."

எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

பக்கத்து டவுனான குளுவாங்கில் ஒரு சீன மெக்கானிக்கிடம் ஓடினேன். எஞ்சின் ஓடும்போதே சிலிண்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்து, எதில் சத்தம் மாறவில்லையோ அதுதான் நோயாளி என்றார். தளர்த்தினேன். நான்கிலும் சத்தம் மாறியது. அப்படியென்றால் நான்குமே நல்லவையா, நான்குமே கெட்டவையா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கைக்கு எட்டியதையெல்லாம் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். இரண்டு நட்டு மிஞ்சியது. யாரும் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை துரை பார்த்துக்கொண்டிருக்க, லாரி பாதி மேடு ஏறி, இருமி, அப்படியே பின்னால் உருண்டு அவருடைய மரவள்ளித் தோட்டத்துக்குள் போய் நின்றது. அவர் கத்தவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். சாயங்காலம் வரைக்கும்தான் தவணை என்றார் கிராணியார்.

நான் தொடாத பாகம் ஒன்றே ஒன்று இருந்தது. எண்ணெய் வடிகட்டி. ஆடாமல் அசையாமல் சும்மா இருப்பது என்ன கெடுக்கப் போகிறது என்று விட்டிருந்தேன். திறந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் கூழ். எஞ்சின் உள்ளுக்குள் அழுகிவிட்டது என்று முடிவு கட்டி, தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். கஞ்சி கொண்டுவந்த என் மனைவி லெட்சுமி, குனிந்து அதை மோந்து பார்த்தாள்.

"இது ஓமம்ங்க. நான் முறுக்குக்குப் போட்டது. நீங்கதானே மிச்ச எண்ணெயை டிரம்முல ஊத்தச் சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். தீபாவளிக்கு மரவள்ளி மாவில் முறுக்குச் சுட, ஸ்டோர் டிரம்மிலிருந்து அரை டின் எண்ணெய் எடுத்து வந்தவனும் நான்தான். டிரம்மில் அளவு குறைந்தால் தலை போகும் என்று, சுட்டு முடித்ததும் ஒரு சொட்டு விடாமல் திரும்ப ஊற்றச் சொன்னேன். அவளும் நாணயமாக ஊற்றியிருக்கிறாள், தூளோடும் ஓமத்தோடும். (பதினோரு முறுக்கை ஒரே ஆளாகத் தின்றதும் நான்தான்.)

வடிகட்டித் துணியைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்தோம். டாங்கியைக் காலி செய்து, புது எண்ணெயை என் கல்யாண வேட்டியில் வடிகட்டி ஊற்றினோம். சாயங்காலம் லாரி ஒரே மூச்சில் மேடு ஏறியது. என்ன கோளாறு என்று துரை கேட்டார். தூசி என்றேன். என் பெயரை எழுதவில்லை. அந்த இடத்தில் யார் பெயரை எழுதினார்கள் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை.

இப்போதும் நான் ரேடியோவையோ காற்றாடியையோ பிரித்துப் போட்டு விழித்துக்கொண்டிருந்தால், பேரப்பிள்ளைகள் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். லெட்சுமி அங்கிருந்தே சொல்வாள்:

"மொதல்ல மோந்து பாக்கச் சொல்லுங்க."