கியர் சித்தரும் மூன்றாவது கியர் பேயும்

வெள்ளிக்கிழமை என்றால் அன்னவாசல் சாலையில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஓவியத்துக்கு ஒரு வாரம் முழுக்க வருகிற கூட்டம், கியர் சித்தருக்கு ஒரே காலையில் வந்துவிடும்.

கியர் சித்தரைத் தெரியாதா? பானெட்டில் சங்கை வைத்துக் காதைக் கொடுத்தால், எந்தக் கியரில் எந்தப் பேய் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும் மகான். முதல் கியரில் முனி, ரிவர்ஸில் செய்வினை. ஹாரன் அடிக்கவில்லை என்றால் மட்டும் எலக்ட்ரீஷியனிடம் போகச் சொல்வார். பேய்களுக்கு ஒயரிங் தெரியாது போலும்!

அறந்தாங்கி ரெங்கராஜ் குவைத்தில் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கினான். அது டாக்சியாக ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். வாங்கியவன் சும்மா இருந்தானா? யூடியூப்பில் எவனோ சொன்னான் என்று திருச்சிப் பட்டறை ஒன்றில் விட்டு, கியர் வெடுக்கென்று மாறும்படி கியர்பாக்ஸை மாற்றியமைத்தான். வெடுக்கென்று மாறியது. கூடவே, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போதெல்லாம் அடியில் ‘டொங்க்’ என்று ஒரு சத்தம். பட்டறைக்குத் திரும்பிப் போயிருக்கலாம். அவனோ எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு அன்னவாசலுக்குப் போனான்.

சித்தர் சங்கில் காதை வைத்தார். கண்ணை மூடினார். தாடி நடுங்கியது.

“ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒருத்தி ஒக்காந்திருக்கா. கட்டிப்புட்டேன். ஒரு மண்டலம் முப்பதைத் தாண்டாம ஓட்டு. தாண்டுனா ரத்தம் கக்குவே.”

என்ன ஆச்சரியம்! டொங்க் போயே போய்விட்டது. அறந்தாங்கி வரைக்கும் மாட்டு வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டு, சைக்கிள்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, ஆனந்தக் கண்ணீரோடு ஊர்ந்தான் ரெங்கராஜ். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சித்தரின் மகிமையைச் சொன்னான். அவ்வளவு மெதுவாகப் போனதால் முழுக் கதையையும் சொல்ல முடிந்தது.

பத்தாம் நாள் விமான நிலையத்துக்கு ஒரு சவாரி. “பிளைட்ட விட்ருவோம்ணே, மிதிங்க!” என்று பின்சீட்டிலிருந்து கத்தல். மிதித்தான். முப்பது, நாற்பது... டொங்க்! சவாரியை இறக்கிவிட்டு, ரத்தம் வருகிறதா என்று கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தான். வெற்றிலைச் சிவப்புதான் தெரிந்தது. அதற்கே பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிரோடு மறுபடியும் அன்னவாசலுக்குப் போனான்.

“விரதத்த முறிச்சுட்டே. இனி அவ ஒன் உசுரக் கேப்பா. வர்ற வெள்ளிக்கிழமை வண்டியவும் சாவியவும் இங்கிட்டு விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிரு” என்றார் சித்தர். அவர் கொட்டகைக்குப் பின்னால் அப்படித் திரும்பிப் பார்க்காமல் விட்டுப்போன கார்கள் ஏற்கெனவே நான்கு நின்றன. பழையவை எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை; மாதா மாதம் அங்கே வேறு கார்கள் நிற்கும். அதுவும் மகிமைதான்.

ரெங்கராஜின் மனைவி வனிதா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தங்கை தேவிப்ரியா, புதுக்கோட்டையில் ஒரு கார் சர்வீஸ் கடையில் வேலை பார்ப்பவள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மச்சான், முப்பதுக்குள்ள ஓட்டுனா ஒங்க வண்டி மூணாவது கியருக்கே போகாது. போகாத கியர்ல சத்தம் எங்கேருந்து வரும்?”

“அப்ப சாமி எப்புடிக் கரெக்டா ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலன்னு சொன்னாரு?”

“போனதும் அவருகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

ரெங்கராஜ் யோசித்தான். “ரெண்டுலேருந்து மூணுக்குப் போறப்ப சத்தம் வருதுன்னு...” என்று இழுத்தான். இருந்தாலும் உயிர் பயம் விடவில்லை. வெள்ளிக்கிழமை காரோடு கிளம்பிவிட்டான்.

கூட்டத்துக்கு முன்னால் அவன் சாவியைச் சித்தர் கையில் வைக்கவும், தேவிப்ரியா இன்னொரு காரில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. முன்பக்கம் நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டு இத்தனை தடிமனில் சாமந்தி மாலை. பக்தி என்றால் அதல்லவா பக்தி!

“சாமி, கியர் மாறுறப்ப கடமுடாங்குது. பாத்துச் சொல்லுங்க.”

“இஞ்சினப் போடும்மா.”

“ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சாமி. சத்தமே வெளிய வரல.”

சித்தர் சங்கை வைத்தார். ஒரு நிமிஷம் ஆடாமல் நின்றார். பிறகு துள்ளிக் குதித்தார்.

“பெரியவ! நாலாவது கியர்ல சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிட்டு இஞ்சின் சத்தத்தையே முழுங்கிட்டா!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தேவிப்ரியா மாலையைக் கழற்றினாள். பச்சை நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. டிக்கியிலிருந்து சார்ஜ் ஒயரை உருவித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

“இது கரண்டுல ஓடுற காரு சாமி. இதுல இஞ்சினே கெடையாது. நாலாவது கியரும் கெடையாது. அந்தப் பெரியவ எதுமேல ஒக்காந்திருக்கா?”

எவனோ ஒருவன் ‘களுக்’ என்றான். அவ்வளவுதான், எலுமிச்சம்பழம் விற்றவள் உட்படக் கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்பு ஓய்ந்து, “எங்க காரு எங்கடா?” என்று ஒரு குரல் கிளம்பி, இன்னொருவன் போலீஸுக்குப் போன் போட்டபோது, சித்தர் ரெங்கராஜின் காருக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். உசுரைக் கேட்கிற பேய் உள்ள அதே காருக்குள்தான்! சாவியைத் திருகினார். லீவரை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். சங்கால் தட்டினார். முனி, செய்வினை எல்லாவற்றையும் கியரிலிருந்து இறக்கிய மகானுக்கு, ஒரு லீவரை இறக்கத் தெரியவில்லை.

ரெங்கராஜ் கண்ணாடியைத் தட்டினான். பல நாளில் முதல் முறையாக வாய் நிறையச் சிரித்தான்.

“பிரேக்க மிதிச்சாத்தான் சாமி லீவரு நகரும். வேணாம், எறங்குங்க. போலீஸ் வண்டியில கியர் அவங்களே போட்டுக்குவாங்க.”

மறுநாள் தேவிப்ரியாவின் கடையில் காரைத் தூக்கிப் பார்த்தார்கள். கியர்பாக்ஸைத் தாங்குகிற ரப்பர் கிழிந்து தொங்கியது. புது வேகத்தில் கியர் மாறுகிற ஒவ்வொரு உதறலுக்கும் இரும்பு இரும்பில் இடித்திருக்கிறது. ரப்பரை மாற்றினார்கள். ரெங்கராஜ் அறுபதில் ஓட்டிப் பார்த்தான். டொங்க் இல்லை, ரத்தமும் இல்லை.

பிரேக்கை மிதித்து நிதானிக்காமல் ஓரடிகூட நகர மாட்டேன் என்கிற புத்தி ஒரு காருக்கே இருக்கிறது. அதை ஓட்டுகிறவனுக்கு வேண்டாமா?