மதகுக்காரர் வீட்டு வைஃபைத் திருடன்

ஸ்னேக், மார்ச் 14

அன்புள்ள ஆல்தியே அக்காவுக்கு, தம்பி வீபெ வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் முட்டியும் நலம். அங்கு உன் முட்டியும் அத்தானும் நலமென நம்புகிறேன். மின்னஞ்சல் அனுப்பாமல் தபால்தலை ஒட்டுகிறேனே என்று யோசிப்பாய். என் வீட்டு வைஃபைக்குள் யாரோ நுழைகிறார்கள்.

யாரோ என்ன யாரோ, பக்கத்து வீட்டு ஸீப்ரன்தான். முப்பத்துநான்கு வருடம் கால்வாய் மதகில் நின்று, என் கை அசையாமல் ஒரு படகைக்கூட உள்ளே விடாதவன் நான். இணைய கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு பெண், "யார் யாரு இணைஞ்சிருக்காங்கன்னு ரௌட்டர் பட்டியல்ல பாருங்க சார்" என்றாள். பார்த்தால் என் போன், என் கணினி, மூன்றாவதாக 'ஸீப்ரன் போன்'. பெயரை எழுதி ஒட்டிக்கொண்டு வரும் திருடனை நீ எங்கேயாவது பார்த்ததுண்டா? "பாஸ்வேர்டை மாத்துங்க, பதினாறு எழுத்துக்குக் குறையாம. நாய் பேரெல்லாம் வேண்டாம்" என்றாள். ஆறு முறை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவன் காபிக்கு வந்துபோனதும் பட்டியலில் ஏறிவிடுகிறான். வைஃபையின் பெயரையே மறைத்து வைத்தேன், அன்று முழுக்க என் கணினிக்குத்தான் அது கிடைக்கவில்லை, அவனுக்குக் கிடைத்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை அக்கா. பதினாறு எழுத்து இந்தத் தலையில் நிற்காது என்பதால், வீட்டிலேயே தாழ்ப்பாள் உள்ள ஒரே அறையாகப் பார்த்து, கழிவறையில் தொங்கும், தெரிந்தவர்கள் பிறந்தநாளையெல்லாம் குறித்து வைக்கும் காலண்டரில் எழுதி வைக்கிறேன். கண்ணாடி இல்லாமலும் தெரியும்படி தடிப்பேனாவால், மூன்று தேதிகளுக்கு நீளமாக. அதைவிடப் பத்திரமான இடம் ஏது?

திங்கட்கிழமை வந்தவனுக்கு காபி மட்டும் கொடுத்து, பிஸ்கட் டப்பாவைத் திறக்கவே இல்லை. "என்னப்பா, டப்பாவுக்கும் பாஸ்வேர்டா?" என்றான். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றேன். "ஆமா, தெரியுமே" என்று காபியைக் குடித்தான். என்ன நெஞ்சழுத்தம் பார்.

இன்று காலை அவன் கதவைத் தட்டினேன். இஸ்திரி போட்ட சட்டை, வாயெல்லாம் சிரிப்பு, உள்ளே கேக் வாசனை. "என் வீட்டுச் சாவியக் குடு" என்றேன். முப்பது வருடமாக அவனிடம் இருந்த மாற்றுச் சாவி. சிரிப்பு நின்றுவிட்டது. ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். நீயும் இனி அவனோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே.

அத்தானை விசாரித்ததாகச் சொல். கடவுள் உங்கள் இருவர் முட்டிகளையும் காப்பாராக.

அன்புத் தம்பி,
வீபெ

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டியாகிவிட்டதால்தான் இதை அனுப்புகிறேன். சற்றுமுன் கண்ணாடியோடு கழிவறைக்குப் போனேன். பாஸ்வேர்டின் கடைசி நாலு எழுத்துக்கு அடியில் என் கையெழுத்திலேயே 'ஸீப்ரன்' என்றிருக்கிறது. தேதி இன்று. அவனுக்கு எழுபதாவது பிறந்தநாள். வெட்கத்தோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். "பாஸ்வேர்டா? நீதானப்பா எழுதி மாட்டியிருக்க. வர்றவங்களுக்குன்னுல்ல நெனச்சோம். பாதிரியார் போன்லகூட இருக்கு" என்றான். சாவியை வாங்கிப் பழைய ஆணியிலேயே மாட்டினான். பிறகு எனக்கு ஒரே ஒரு துண்டு கேக் வைத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேக் டப்பாவை மூடினான்.