வாய் திறவாத பின்கதவு

கார்காலம் விடைபெறத் தயங்கி நின்றது. பெய்து களைத்த மேகங்கள் கூரைகளின்மேல் சாய்ந்து கிடந்தன; மரங்கள் தாம் ஏந்திய நீரைத் துளித்துளியாய் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. உலகமே மௌனம் காத்த அந்தக் காலையில், பாட்டு வாத்தியாருடைய காரின் பின்கதவும் வாய் திறக்க மறுத்தது.

“மூணு வாரமாச்சும்மா. என் பெரிய ஸ்பீக்கர் ரெண்டும் உள்ளே மாட்டிக்கிச்சு, வேற வழியா எடுக்கவும் முடியல!” என்று விம்மினார் வாத்தியார். அவர் மனைவி முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார்.

“லாக்கையே மாத்தணும்,” என்றபடி எதிர்ச்சாரிக் கம்பெனிப் பட்டறையின் மேனேஜர் தேநீர்க் குவளையோடு வந்து நின்றார்.

கார்களின் மின்கோளாறு பார்க்கும் தீப்பொறி நிமிர்ந்தாள். பட்டப்பெயர்தான், பொருத்தமானது. ‘கோளாறு எங்கேன்னு பார்க்காம பாகத்தை மாத்தறதுக்கு மெக்கானிக் எதுக்கு சார்?’ என்று கேட்டு, அந்த மேனேஜரிடம் பார்த்த வேலையை உதறி, சொந்தக் கடை போட்டவள்.

“லாக்கு நல்லாத்தான் இருக்கு. கோளாறு ஒயர்ல.”

“லாக்குதான்னா?”

“என் கடை போர்டைக் கழட்டிட்டு, உங்ககிட்டயே வந்து நட்டு பொறுக்கறேன்.”

பின்னிருக்கையை மடக்கி உள்ளே தவழ்ந்தாள். பியூஸ் பழுதில்லை. பூட்டுக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தாள். ‘டக்’கென்று திறந்தது.

“பாத்தீங்களா? லாக்கு உயிரோடதான் இருக்கு!”

மோட்டாரில் தானே ஏறி இறங்கும் அந்தக் கதவு இப்போது மூடிக்கொள்ள மறுத்தது. பூட்டின் உள்சுவிட்சுக்கு வேறொரு கம்பியைக் கொடுத்தாள். கதவு எழுந்தது, தாழ்ந்தது; மீண்டும் எழுந்தது, தாழ்ந்தது.

“எனக்கு வணக்கம் வைக்குது,” என்றார் மேனேஜர்.

“இடத்தைக் காலி பண்ணுங்கன்னு கையாட்டுது சார்.”

கம்பியைப் பிடுங்கினாள். கதவு அவளையும் உள்ளே வைத்து அறைந்து சாத்திக்கொண்டது.

“அம்மாடி!” என்று பதறினார் வாத்தியார்.

“இனி உன்னையும் சேர்த்து ரிப்பேர் பாக்கணும். வெளியே வர்றியா?” என்று கண்ணாடியைத் தட்டினார் மேனேஜர்.

“கோளாறைக் கண்டுபிடிக்காம வர்றதா இல்ல!” என்றது உள்ளிருந்து குரல்.

ஒலிபெருக்கிகளுக்கு இடையே மல்லாந்து, மீட்டரை வைத்துக் கம்பி கம்பியாகச் சோதித்தாள். கூரைவரை மின்சாரம் வந்தது; கதவுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டையும் இணைக்கும் ரப்பர்க் குழாயை உருவினாள். உள்ளே ஒரு கம்பி இரு துண்டாய்க் கிடந்தது.

“எலி கடிச்சா இவ்வளவு அழகா இருக்காதே!” என்று முணுமுணுத்தபடி கம்பியை இணைத்து, டேப் சுற்றி, பொத்தானை அழுத்தினாள்.

பின்கதவு ராஜகம்பீரமாய் மேலெழுந்தது. ஒலிபெருக்கிகளின் நடுவிலிருந்து தீப்பொறி எழுந்து நின்றாள். மேனேஜர் குடிக்காத தேநீரோடு சாலையைக் கடந்தார்.

“நாளைக்கு விடியக்காலை நாலரைக்கே பாட ஆரம்பிச்சுடலாம்!” என்று வாத்தியார் துள்ளிக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்கு ஓடினார்.

தீப்பொறி மீட்டரைத் துடைத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இமை மூடி, ஒரு கணம் கைகூப்பி நின்றாள். கண் திறந்தபோது வாத்தியாரின் மனைவி எதிரே நின்றார். அவள் தலைமேல் கைவைத்து, மெல்லிய குரலில் வாழ்த்தினார்:

“அந்த ஒயரைக் கத்தரிச்சது நான்தாம்மா, மூணு வாரமா தெருவே நிம்மதியாத் தூங்குச்சு. நீ நல்லா இரு. நூறு வயசுக்கு நல்லா இரு, எங்க பக்கத்து வீட்டிலேயே குடிவந்து!”